அப்பா போட்ட பிரிண்ட்டுக்கு என்ன மதிப்பு?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்:

"அப்பாவுக்கு 76 வயது. 1970களில் தொடங்கி 90கள் வரை சொந்தமாக ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் போக, தன் ஆசைக்காக அழகர் ஆற்றில் இறங்குவது, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு, கீழக்குயில்குடி சமணர் மலை என்று கறுப்பு வெள்ளையில் நிறைய எடுத்திருக்கிறார். டார்க் ரூமில் அவரே போட்ட பிரிண்ட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன, நெகட்டிவ்கள் தனியாக இருக்கின்றன. சிலவற்றை போனில் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டேன். பெங்களூரில் புகைப்படம் சேகரிக்கும் ஒருவர், டார்க் ரூம் பிரிண்ட் என்றால் மட்டும் சொல்லுங்கள், இங்க்ஜெட் வேண்டாம் என்கிறார். சென்னையில் பிரிண்ட் வியாபாரம் செய்பவர் ஒருவர், இப்போது உலகம் முழுக்க இங்க்ஜெட்தான், பெட்டியைக் கொடுங்கள், ஸ்கேன் செய்து பருத்தித் தாளில் பெரிதாகப் போட்டு விற்றுத் தருகிறேன் என்கிறார். என் மச்சான், இங்க்ஜெட்டும் பிளெக்ஸ் பேனரும் ஒண்ணுதான், எவன் காசு குடுப்பான் என்கிறார். யார் சொல்வது சரி? எதற்கு மதிப்பு அதிகம்?"

தம்பி, முதலில் அந்தப் பெட்டியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். சென்னைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், ஸ்கேன் பண்ணத்தானே என்று ஒரு வாரத்துக்குக்கூடக் கொடுக்க வேண்டாம். நெகட்டிவைப் போலவே, திரும்பச் செய்ய முடியாத சரக்கு அது. இங்க்ஜெட்டை, அதாவது மை தெளிக்கும் பிரிண்டரில் போடுவதை, இன்றைக்கும் போடலாம், அடுத்த தைக்கும் போடலாம், நெகட்டிவ் நன்றாக இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் போடலாம். நீங்கள் கேட்ட மதிப்பு வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

என் பிழைப்பு பிரிண்ட் போடுவதும், யாராவது பழைய படம் கொண்டுவந்தால் இது என்ன ரகம், எந்தக் காலத்துத் தாள், எப்படிப் பாதுகாப்பது என்று பார்த்துச் சொல்வதும். டார்க் ரூமில், அதாவது இருட்டறையில், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ ரசாயனத்தின் வாடையும் தெரியும், இங்க்ஜெட் மிஷினின் தலை அடைத்துக்கொண்டால் வருகிற எரிச்சலும் தெரியும், அதனால் எந்தப் பக்கமும் கொடி பிடிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அனுபவமுள்ள ஒரு சேகரிப்பாளர் பிரிண்ட்டைக் கையில் எடுத்தால் அவர் மனதில் ஓடுவது மூன்று கேள்விகள்: இதைப் போட்டது யார், படம் எடுத்து எத்தனை வருஷம் கழித்துப் போட்டது, இதேபோல் இன்னும் எத்தனை வெளியே இருக்கின்றன. டார்க் ரூமா இங்க்ஜெட்டா என்பது இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல உதவுகிற ஒரு தடயம், அவ்வளவுதான். அமெரிக்கக் கலைஞர் மான் ரே 1924ல் ஒரு பெண்ணின் முதுகில் வயலினின் துளைகளை வரைந்தது போல ஒரு படம் செய்தார், நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அவர் அந்தக் காலத்திலேயே போட்ட மூலப் பிரிண்ட் 2022 மே மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1.24 கோடி டாலருக்குப் போனது. அதே படத்துக்குப் பின்னாளில் போட்ட பிரிண்ட்டுகளும் உண்டு, அவையும் டார்க் ரூமில் போட்டவைதான், ஆனால் அவற்றின் விலை இதற்குப் பக்கத்திலேயே வராது. அதாவது வெள்ளி உப்புக்கும் ஹைப்போவுக்கும் மட்டும் யாரும் அவ்வளவு பணம் கொட்டவில்லை. படம் எடுத்தவர் அந்தக் காலத்தில், அந்த மனநிலையில், தன் கையால் போட்டார் என்பதற்குத்தான் பணம். எடுத்த சில வருஷங்களுக்குள், பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்குள் என்று வைத்துக்கொள்கிறார்கள், போட்ட பிரிண்ட்டை வின்டேஜ் என்கிறார்கள். இது வியாபாரத்தில் ஏற்பட்ட வழக்கம், சட்டம் ஒன்றும் இல்லை.

குறைவாக இருந்தால்தான் விலை வரும் என்பதும் முழு உண்மை இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1941ல் நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூரின் மேல் நிலா எழுவதை எடுத்த படத்துக்கு, வாழ்நாள் முழுக்க 1,300க்கும் மேற்பட்ட பிரிண்ட் போட்டிருக்கிறார். அத்தனை இருந்தும் 1948ல் போட்ட ஒரு பிரிண்ட் 2006ல் ஆறு லட்சம் டாலரைத் தாண்டியது. ஆரம்பத்தில் போட்டதற்கு ஒரு விலை, 70களில் போட்டதற்கு வேறு விலை. உங்கள் அப்பா ஒரே படத்துக்கு நாலைந்து பிரிண்ட் போட்டிருந்தால் அதற்காகக் கவலைப்படாதீர்கள், எது எப்போது போட்டது என்று அவருக்கு நினைவிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இனி உங்கள் மச்சான் சொன்னதற்கு வருவோம். காளவாசலில் தலைவர் படத்தோடு தொங்கும் பிளெக்ஸ் பேனரும் இங்க்ஜெட்தான், ஒரு பெரிய அருங்காட்சியகத்தின் சுவரில் தொங்கும் பிரிண்ட்டும் இங்க்ஜெட்தான், அந்த அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் மை வேறு, தாள் வேறு, போடுகிற ஆளின் கண் வேறு. பிளெக்ஸில் போவது பிளாஸ்டிக் துணி மேல் கரைப்பான் மை. நான் சொல்வது பிக்மென்ட் மை, அதாவது நீரில் கரையாத நிறத்துகள்கள் உள்ள மை, அமிலம் இல்லாத பருத்தித் தாளிலோ பெரைட்டா என்ற வெண்பூச்சுப் பூசிய தாளிலோ போடுவது. ஜெர்மனியின் ஹானமியூலே, பிரான்சின் கான்சன் தாள்களை இங்கேயே வரவழைத்துத் தருகிறார்கள். இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். நீங்கள் போனில் எடுத்த படத்தைக் கலர் லேபில் கொடுத்து வாங்குகிற சாதாரண பிரிண்ட் பல லேப்களில் இங்க்ஜெட்டே கிடையாது. அந்த மிஷின் லேசர் வெளிச்சத்தால் ரசாயனத் தாளில் படத்தைப் பதித்து, உள்ளேயே டெவலப் செய்து, கழுவி, காயவைத்துத் தள்ளுகிறது. டிஜிட்டல் படம் என்றால் இங்க்ஜெட், ரசாயனம் என்றால் பழைய டார்க் ரூம் என்று இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்தால் இந்தக் கணக்கு உதைக்கும்.

2011ல் நாற்பத்து மூன்று லட்சம் டாலருக்குப் போய் அப்போது உலகச் சாதனையாக இருந்த ஜெர்மன் புகைப்படக்காரர் ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கியின் ரைன் நதிப் படம் இந்த ரகம்தான்: ரசாயன வண்ணத் தாளில் போட்டது, ஆனால் படத்திலிருந்த கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் அழித்த பிறகு. பிரேசில் புகைப்படக்காரர் செபஸ்தியாவோ சல்காதோ டிஜிட்டல் கேமராவுக்கு மாறிய பிறகும், அந்த டிஜிட்டல் கோப்பிலிருந்து நெகட்டிவ் எடுத்து வெள்ளித் தாளில் பிரிண்ட் போட வைத்தார். இவற்றை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

ஆயுள் விஷயத்தில் டார்க் ரூம் என்றாலே நூறு வருஷம் என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டு 80களின் கல்யாண ஆல்பத்தைத் திறந்து பார்க்க வேண்டும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி மஞ்சளாகி, பெண்ணின் பச்சைப் பட்டு செம்மண் நிறத்துக்குப் போயிருக்கும். அதுவும் ரசாயனத்தில் கழுவிப் போட்ட பிரிண்ட்தான். அந்தக் கால வண்ணத் தாளின் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கும். வண்ணப் படங்களைப் பொறுத்தவரை இன்றைய நல்ல பிக்மென்ட் இங்க்ஜெட் அதைவிடப் பல மடங்கு தாங்கும், அதனால் வண்ணத்தில் வேலை செய்யும் கலைஞர்கள் பலர் எப்போதோ இங்க்ஜெட்டுக்கு மாறிவிட்டார்கள், வாங்குபவர்களும் முகம் சுளிப்பதில்லை. கறுப்பு வெள்ளை வேறு கதை. அங்கே படம் சாயம் இல்லை, உலோக வெள்ளி. ஃபைபர் தாளில், அதாவது பிளாஸ்டிக் பூசாத காகிதத் தாளில், ஒழுங்காக ஹைப்போ போட்டு ஒழுங்காகக் கழுவியிருந்தால் அது நூறாண்டு தாண்டி நிற்பதற்கு உலகம் முழுக்கச் சாட்சி இருக்கிறது. கழுவியிருந்தால் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஃபைபர் தாளுக்கு ஓடுகிற தண்ணீரில் ஒரு மணி நேரம் வரை வேண்டும். சித்திரை வெயிலில் மதுரைப் பக்கம் குடிக்கவே குடத்தோடு நிற்கிற நாளில் எந்த ஸ்டூடியோக்காரர் ஒரு மணி நேரம் குழாயைத் திறந்து விட்டிருப்பார்? அதனால் நம் ஊர்ப் பழைய பிரிண்ட்டுகளில் ஓரத்தில் பழுப்பேறியவை நிறைய.

பெங்களூர்க்காரரின் வெறுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆரம்பகால இங்க்ஜெட் மைகள் சாய மைகள். 2000ல் வந்த ஒரு பிரபல பிரிண்டரில் போட்ட படங்கள், காற்றிலுள்ள ஓசோன் பட்டே சில வாரங்களில் ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பின என்று பெரிய கூச்சல் எழுந்தது. அதே காலத்தில்தான் மேசை மேல் வைக்கும் பிரிண்டர்களுக்கும் பிக்மென்ட் மை வரத் தொடங்கியது. பிரிண்ட்டின் ஆயுளைச் சோதிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் அமெரிக்கர் ஹென்றி வில்ஹெல்மின் பரிசோதனைகளில், நல்ல பிக்மென்ட் மையும் நல்ல தாளும் சேர்ந்தால், கண்ணாடி போட்ட பிரேமுக்குள் நூறு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும் என்று கணக்கு வருகிறது. வேகப்படுத்திச் செய்த சோதனைதான், நூறு வருஷம் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை, இருந்தாலும் அருங்காட்சியகங்கள் அதை ஏற்றுக்கொண்டுதான் வாங்குகின்றன. எனவே மங்கிவிடும் என்று அவர் சொன்னால் அது பழைய வாதம்.

அவருக்கு உண்மையாக உறுத்துவது வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன்: பட்டனைத் தட்டினால் இன்னொன்று வருமே என்ற பயம். இந்தப் பயம் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டன் வழக்கைச் சொல்லலாம். வண்ணப் புகைப்படத்தைக் கலையாக மதிக்க வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். அவருடைய பழைய பிரிண்ட்டுகள் டை டிரான்ஸ்பர் என்ற முறையில், மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் ஏற்றிச் செய்தவை. மிகுந்த உழைப்பு, குறைந்த எண்ணிக்கை. அதற்கான பொருட்களையே கோடாக் 1990களில் நிறுத்திவிட்டது. 2012 மார்ச்சில் அதே பழைய படங்கள் சிலவற்றையும் சேர்த்து 36 படங்களை, பெரிய அளவில், பிக்மென்ட் இங்க்ஜெட்டாகப் போட்டு கிறிஸ்டீஸில் ஏலத்துக்கு விட்டார்கள். மொத்தம் 59 லட்சம் டாலர். குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் படம் மட்டும் ஐந்தே முக்கால் லட்சத்துக்கு மேல். அந்தச் சைக்கிள் படத்தின் பழைய டை டிரான்ஸ்பர் பிரிண்ட்டைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி வைத்திருந்த ஒரு சேகரிப்பாளர், இத்தனைதான் என்று சொல்லி விற்றுவிட்டு இப்போது புதிதாகப் போட்டால் என் சரக்கின் மதிப்பு என்னாவது என்று வழக்குப் போட்டார். 2013ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது: அளவு வேறு, முறை வேறு, இது புதிய பதிப்பு என்ற எகிள்ஸ்டன் தரப்பு வாதம்தான் நின்றது.

இந்த வழக்கில் இரண்டு பக்கமும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பேர் பெற்ற கையாக இருந்தால் புத்தம்புது இங்க்ஜெட்டுக்கும் லட்சக்கணக்கில் டாலர் வரும் என்பது ஒன்று. சட்டப்படி ஜெயித்தாலும், முதலில் நம்பி வாங்கியவரின் மனக்கசப்பு சந்தையில் பல வருஷம் பேசப்படும் என்பது இன்னொன்று. எகிள்ஸ்டனுக்கு அது ஒரு கீறல்கூட இல்லை. நேற்றுவரை பேர் தெரியாத ஒரு ஸ்டூடியோக்காரரின் படங்களுக்கு வாங்குபவரின் நம்பிக்கைதான் முழு மூலதனம். அதனால் இங்க்ஜெட் போடுவதானால் முதல் பிரிண்ட்டை விற்பதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள்: இந்தப் படம், இந்த அளவில், இத்தனை பிரதி, இந்தத் தாள், இந்த மை, போட்ட வருஷம் இது. பத்து என்று எழுதினால் பத்து. நாளைக்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் இரண்டு மடங்கு தருகிறேன் என்றாலும் பதினொன்றாவது கிடையாது.

அப்படியானால் அப்பாவின் நெகட்டிவை வைத்து இன்றைக்கு டார்க் ரூமிலேயே புதிதாகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் தாளெல்லாம் போன கதை, ஆனால் இல்ஃபோர்ட் ஃபைபர் தாள் இன்னும் வருகிறது, போடத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் பித்துப் பிடித்த சேகரிப்பாளர்கள் அதற்கு இங்க்ஜெட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தருவார்கள். கைவேலை, ஒவ்வொன்றும் லேசாக வேறுபடும், சட்டென்று நூறு போட முடியாது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே இருட்டு போதாது, அந்த வானத்தை இறக்கு என்று சொல்லிப் போட்டால் இன்னும் நல்லது. ஆனால் அது 2020களில் போட்ட பிரிண்ட்தான். பெட்டியில் இருப்பதற்குப் பக்கத்தில் வைத்தால் அந்தப் புது டார்க் ரூம் பிரிண்ட்டும் இங்க்ஜெட்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். பெங்களூர்க்காரர் கேட்கும் டார்க் ரூம் பிரிண்ட் எது என்று தெளிவாகக் கேளுங்கள். அப்பா அன்றைக்குப் போட்டதா, நாளைக்கு யாராவது போட்டுத் தருவதா? இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் ஒன்று அவருக்கு விஷயம் தெரியாது, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இனி பெட்டியைத் திறப்போம். ஜன்னல் பக்கம் உட்காருங்கள், நேர் வெயில் வேண்டாம், கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிண்ட்டை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பார்க்காமல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு ஆழமாக இருக்கும் இடங்களில், முக்கியமாக ஓரங்களில், நீலம் கலந்த கண்ணாடி மினுமினுப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம். வெள்ளி மெல்ல மேலே வந்து படிந்திருக்கிறது, வயதான வெள்ளிப் பிரிண்ட்டின் அடையாளம் அது, துடைத்து எடுக்கப் பார்க்காதீர்கள். அதே சாய்வில் இன்னொன்றும் தெரியலாம்: பளபளப்பான பரப்பில் அங்கங்கே குண்டூசி முனை அளவு மங்கலான புள்ளிகள். நெகட்டிவில் தூசி உட்கார்ந்தால் பிரிண்ட்டில் வெள்ளைப் புள்ளி விழும். அதை மெல்லிய பிரஷில் மை தொட்டு ஒவ்வொன்றாக மூடியிருப்பார் உங்கள் அப்பா. அழகரின் குதிரை மேலோ, காளையின் திமில் மேலோ அந்த டச்சிங் வேலையைக் கண்டுபிடித்தால், விவரம் தெரிந்த சேகரிப்பாளரிடம் அதை மறைக்காதீர்கள், காட்டுங்கள். ஆள் நிமிர்ந்து உட்காருவார். அப்புறம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி, வெளிர் சாம்பல் பகுதி ஒன்றைப் பாருங்கள், வானமோ வெள்ளைத் துண்டோ எதுவானாலும் சரி. வெள்ளிப் பிரிண்ட்டில் நிறம் தொடர்ச்சியாக இழையும், பிலிமின் மணல் போன்ற நுண்துகள் மட்டும் மென்மையாகத் தெரியும். இங்க்ஜெட்டில் தெளித்த மாதிரி நுண்ணிய மைப் புள்ளிகள். மிக நல்ல மிஷின் என்றால் இன்னும் சக்திவாய்ந்த லென்ஸ் கேட்கும். உங்களிடம் இருப்பது எல்லாமே அசல் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் வாங்க வருபவர் இப்படித்தான் பார்ப்பார், நீங்களும் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது.

பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, பென்சில் குறிப்பு எது இருந்தாலும் அதுவும் மதிப்பில் சேர்த்தி. தாள் வழவழவென்று பிளாஸ்டிக் போல இருந்தால் அது பிளாஸ்டிக் பூசிய ஆர்சி தாள், 70களுக்குப் பிறகு பரவியது. காகிதம் போலவே இருந்து ஓரம் லேசாகச் சுருண்டிருந்தால் ஃபைபர். ஃபைபருக்குத்தான் மரியாதை கூடுதல்.

தயவுசெய்து எதையும் லேமினேஷன் போடாதீர்கள். நம் ஊரில் இது ஒரு வியாதியாகவே இருக்கிறது. தாத்தா படம் கெட்டுப்போய்விடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் கடைக்குக் கொண்டுபோய், சூட்டில் பிளாஸ்டிக் ஒட்டி, பலகையில் பசை போட்டு அழுத்திக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம் அதைப் பிரிக்க முடியாது, விற்கவும் முடியாது, உள்ளே பூஞ்சை கிளம்பினால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஒட்டும் பசைப் பக்கங்கள் உள்ள ஆல்பமும் வேண்டாம், செல்லோ டேப்பும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம். மேலே தூசி இருந்தால் மெல்லிய உலர்ந்த பிரஷ் போதும். ஒவ்வொன்றுக்கும் இடையில் அமிலம் இல்லாத தாள் வைத்து, அமிலம் இல்லாத அட்டைப் பெட்டிக்கு மாற்றி, மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் சூடான அறையிலோ தரையோடு ஒட்டியோ வைக்காமல் வீட்டின் நடு அறையில் அலமாரியில் வையுங்கள்.

அப்பா இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு படமாக எடுத்து, எந்த வருஷத் திருவிழா, எந்தக் கேமரா, பிரிண்ட் எப்போது போட்டது என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதுங்கள், அவர் குரலையும் போனில் பதிவு செய்யுங்கள். நல்ல பிரிண்ட்டுகளின் பின்னால் ஓரத்தில், மெத்தென்ற 2பி பென்சிலால் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பால் பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் மேடாகத் தெரியும். கை நடுங்கினாலும் பரவாயில்லை, தமிழிலேயே போடட்டும். ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்றைய தேதிதான் வர வேண்டும். 1978 என்று இப்போது எழுதி வைக்கிற ஆசை வரும், வேண்டாம். லூயிஸ் ஹைன் என்ற பெரிய புகைப்படக்காரர் 1940ல் இறந்தார். அவருடைய பழைய பிரிண்ட்டுகள் என்று விற்கப்பட்ட சில, அவர் இறந்த பிறகு தயாரான தாளில் போடப்பட்டவை என்று 1990களின் கடைசியில் வெளியே வந்தது. 1950கள் முதல் தாளில் வெண்மை கூட்டச் சேர்க்கும் பொருள் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும், அதுவே காட்டிக் கொடுத்துவிட்டது. அந்த விளக்கு இன்றைக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வருஷம் சரியாக நினைவில்லை என்றால் '1970களின் பிற்பகுதி, அப்பா சொன்னபடி' என்று எழுதுங்கள், அதற்கே மரியாதை உண்டு.

உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இது தெரியாமல் விற்கப் போகக் கூடாது. பிரிண்ட்டை விற்பது வேறு, படத்தின் காப்புரிமையை விற்பது வேறு. ஒன்றை விற்றால் மற்றது தானாகப் போய்விடாது. அழகரும் ஜல்லிக்கட்டும் அப்பா தன் இஷ்டத்துக்கு எடுத்தவை, உரிமை அவருடையது. ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்துக்கொண்டவர்களின் படங்கள் அப்படியில்லை: 1957 காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அந்தக் குடும்பப் படங்களைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், இப்போதைக்கு விற்பனைப் பேச்சில் சேர்க்க வேண்டாம். பின்னாளில் குடும்பத்தில் யார் முடிவெடுப்பது என்பதையும் அப்பா ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. சிகாகோவில் விவியன் மேயர் என்று ஒரு பெண்மணி, குழந்தை பார்க்கும் வேலை செய்துகொண்டு தெருவெல்லாம் படம் எடுத்தவர், 2009ல் இறந்தார். நெகட்டிவை ஏலத்தில் எடுத்தவர்கள் அதிலிருந்து பிரிண்ட் போட்டு விற்கத் தொடங்கியதும், உரிமை யாருக்கு என்று கோர்ட்டு வரை போனது.

விலை எவ்வளவு என்று நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன டாலர் கணக்கையெல்லாம் அப்பா படத்தோடு சேர்த்துப் பெருக்கிப் பார்க்காதீர்கள். ஏலத்தில் ஒருமுறைகூட விற்காத பெயருக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது, வாங்குகிறவரும் நீங்களும் ஒத்துக்கொள்வதுதான் விலை. உங்களுக்குச் சாதகமாக இருப்பது ஊர். மதுரையை லின்னேயஸ் டிரைப் 1858ல் காகித நெகட்டிவில் எடுத்த படங்கள், திருமலை நாயக்கர் மஹாலும் புதுமண்டபமும், இன்றைக்கு லண்டன் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அது கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவக் கேப்டன் ஒருவரின் கண், கட்டடமே பிரதானம். இந்த மண்ணிலேயே பிறந்த ஒரு ஸ்டூடியோக்காரர், கூட்டத்துக்குள் நின்று, தண்ணீர் பீய்ச்சுபவர்களுக்கும் மொட்டை போட்ட பிள்ளைகளுக்கும் நடுவில் தன் ஆசைக்கு எடுத்தது அரிது. பெங்களூரில் 2023ல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கும் எழுதிப் பாருங்கள். உடனே பணம் வராமல் போகலாம், அவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டால் மிச்சத்துக்கு வருகிற மரியாதை தனி.

பெங்களூர்க்காரருக்கு இப்போதைக்கு, ஒரே படத்துக்கு இரண்டு மூன்று பிரிண்ட் இருப்பவற்றில் ஒன்றை மட்டும் காட்டுங்கள், நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றைப் பிரதியாக இருப்பது எதுவும் இந்த வருஷம் வெளியே போக வேண்டாம். சென்னைக்காரரோடு வேலை செய்ய விரும்பினால் செய்யுங்கள், அவர் சொல்கிற இங்க்ஜெட் யோசனை மோசமில்லை, சுவரில் பெரிதாக மாட்ட ஆசைப்படுகிற மதுரைக்காரர்களே நிறையப் பேர் வாங்குவார்கள். ஸ்கேன் திருமங்கலத்தில் உங்கள் கண் முன்னால் நடக்கட்டும், அல்லது நீங்களே நெகட்டிவைக் கொண்டுபோய் உட்கார்ந்திருந்து திரும்பக் கொண்டுவாருங்கள். கோப்பு உங்களிடம் இருக்கட்டும், பிரதி எண்ணிக்கையும் பங்கும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும், 'அசல் பிரிண்ட்' என்ற சொல்லை அவர் எங்கேயும் போடக் கூடாது. பிக்மென்ட் இங்க்ஜெட், போட்ட வருஷம் இது என்றே போடட்டும்.

நெகட்டிவ் டப்பாவைத் திறக்கும்போது காடி (வினிகர்) வாடை மூக்கில் அடித்தால் அந்தச் சுருளை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், அசிடேட் பிலிம் அழுகத் தொடங்கியிருக்கிறது, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ஸ்கேன் வரிசையில் அதற்குத்தான் முதலிடம்.